மோட்டார் கொட்டகைக்குப் போட்ட கதவு

வீட்டுக்கு மோட்டார் கொட்டகை கட்டுகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எந்த மாதிரிக் கதவு போடலாம் என்று. ஆம்பூரில் மோட்டார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்திலேயே ஓட்டியவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவேன். டிரைவருக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். கதவைப் பற்றி என் அளவுக்கு யோசித்தவன் இந்த ஊரில் கிடையாது. யோசித்து, அளந்து, எடை பார்த்து ஒரு கதவைப் போட்டேன். அது என் பெண்டாட்டி மேல் விழுந்தது.

இதை எழுதும்போதே எனக்கு என் மேல் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் வருகிறது. வரட்டும், எழுதிவிடுகிறேன்.

மோட்டாருக்கு முன்னால் எனக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் பெல்ட் வேலை. எண்ணெய் எஞ்சினிலிருந்து, பதனிடப் போடும் ஆவாரம்பட்டையை அரைக்கும் மிஷினுக்கு ஒரு நீளமான தோல் பெல்ட் ஓடும். அதை வெட்டித் தைப்பது, அறுந்தால் இணைப்பது, வாரம் ஒரு தரம் கொழுப்புத் தடவி மிருதுவாக வைத்துக்கொள்வது எல்லாம் நான்தான். ஒரு தோலை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தே அது எத்தனை மாதம் உழைக்கும் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பலிக்கும். பலிக்கப் பலிக்க வாயும் நீண்டுபோயிற்று. தோல் சமாசாரத்தில் எவன் என்ன சொன்னாலும் எனக்கு ஏறாது.

என் பெண்டாட்டி அதே ஷாப்பில் பட்டை சுமந்தவள். வண்டியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து மிஷினுக்கு, பட்டைக்கட்டைத் தோளில் ஏற்றி ஏற்றி இடது தோள் கெட்டுவிட்டது. அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க மாட்டாள். கொண்டை முடிவதற்கு இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போக வேண்டுமல்லவா, அது அவளால் ஆகாது. காலையில் என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். நான் முனகிக்கொண்டே முடிந்துவிடுவேன். பெல்ட் தைக்கிற கைக்குக் கொண்டை எங்கே வரும்? ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

"இன்னாய்யா, எஞ்சினுக்கு மாட்டுற மாதிரி இழுக்கறே? தலையோட வந்துடும் போலக்குது" என்பாள்.

"வந்தா திருப்பித் தெச்சிடறேன், சும்மா உக்காருமே" என்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கொண்டை போடுகிற நேரம்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிற நேரம்.

முதலாளி பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மோட்டார் வாங்கினார். எஞ்சினைக் கண்டு பயப்படாத ஆள் நான் ஒருவன்தான் என்று என்னையே அங்கே அனுப்பி, ஓட்டக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார். கற்றுக்கொண்டு, வண்டியோடு நாட்றம்பள்ளி வழியாக ஊருக்குள் வந்தபோது பார்க்க வேண்டுமே என் மிதப்பை. அன்றிலிருந்து நான் டிரைவர்.

முதலாளி வீட்டுப் பெண்கள் கோஷா. வேற்று ஆண் கண்ணில் படக் கூடாது. மோட்டார் வருவதற்கு முன்பு திரை கட்டிய ஜட்காவில் போய் வந்தார்கள். இப்போது மோட்டாருக்கும் திரை தைத்தாயிற்று. வீட்டை ஒட்டிப் பழைய பட்டைக் கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. கூரை முட்ட ஆவாரம்பட்டை அடுக்கிய இடம், நல்ல உயரம். அதை மோட்டார் கொட்டகை ஆக்குவது என்று தீர்மானம். வீட்டுக்குள்ளிருந்து அதற்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. தெருப்பக்கம் வண்டி நுழைகிற பெரிய வாசல். கழுவிச் சுண்ணாம்பு அடித்தும் பட்டைத் தூள் மட்டும் போகவில்லை. உத்தரத்திலும் ஓட்டுச் சந்திலும் ஒளிந்திருந்து செம்பழுப்பாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வண்டி கிளம்புவதற்கு ஒரு முறை வைத்தார்கள். முதலாளியின் மனைவியை நாங்கள் பீபிம்மா என்போம். அவர் சின்னக் கதவு வழியாகக் கொட்டகைக்குள் வந்து, வண்டியில் ஏறித் திரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அதுவரை நான் தெருவில் நிற்க வேண்டும். அவர் ஏறிய பிறகு உள்ளே இருக்கிற பெண்ணாள் பெரிய கதவைத் திறப்பாள். அப்புறம்தான் நான் உள்ளே போய் ஹேண்டிலைச் சுற்றி வண்டியை எடுப்பது. பீபிம்மா என்னோடு நேரே பேச மாட்டார். எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணாள்தான் வந்து சொல்வாள். அந்த வேலைக்கு என் பெண்டாட்டியை வைத்தார்கள். பட்டை சுமப்பது அதோடு விட்டது. எங்களுக்கு அது பெரிய காரியம்.

ஆக, கதவைத் திறக்கப்போவது அவள். ஒரு கை சரியாக எழாதவள். என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் இதுதான்.

முதலாளி ஒரு நாள் என்னைக் கிடங்குக்குக் கூப்பிட்டார். கையில் பட்டணத்துக் கடையிலிருந்து வந்த படப் புத்தகம். வீட்டில் உருது பேசுகிறவர், எங்களிடம் பேசும்போது ஷாப்புத் தமிழ்.

"பாருப்பா, சுருள் கதவாம், உருள் கதவாம், இன்னான்னமோ போட்டுக்கீது. தெனம் வண்டி எடுக்கப்போறவன் நீ. எது தோதுன்னு யோசிச்சி சொல்லு. அவசரம் இல்லே."

நான் ஒரு வாரம் யோசித்தேன். சுருள் கதவு இரும்புத் தகடு, சங்கிலியை இழுத்தால் மேலே போய்ச் சுருண்டுகொள்ளும். ஆனால் அதைத் திறந்தால் கடகடவென்று கோடித் தெரு வரைக்கும் கேட்கும். பீபிம்மா வெளியே கிளம்புகிறார் என்று தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி. கோஷா வீட்டுக்கு அது ஆகாது. பக்கவாட்டில் தள்ளுகிற கதவு என்றால் தரையில் தண்டவாளம் வேண்டும். பட்டைத் தூள் அதில் போய் அடைத்துக்கொள்ளும், தள்ள முரட்டு பலம் வேண்டும். மிச்சம் சாதாரண ரெட்டைக் கதவு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகத் தெருவைப் பார்த்துத் திறப்பது. தெரு குறுகல். பச்சைத்தோல் ஏற்றின மாட்டு வண்டி போகும்போது இடிக்கும், ஆடிக் காற்றில் படார் படார் என்று அடித்துக்கொள்ளும் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

வீட்டில் கொண்டை போடும்போது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "ரெட்டைக் கதவே போடச் சொல்லேன்யா" என்றாள்.

"ஒத்தக் கைய வெச்சிக்கினு ரெண்டு கதவ எப்டிமே திறப்பே?"

"நான் இன்னாத்துக்கு ரெண்டும் திறக்கறேன்? உள்ளேருந்து ஒண்ண நான் தள்றேன். வெளியேருந்து ஒண்ண நீ இழு. ஆளுக்கு ஒண்ணு. நீ தெருவுல சும்மாதானே நிக்கப்போறே?"

"பெரிய யோசனக்காரி. ஒரு கதவத் திறக்க ரெண்டு ஆளு" என்று சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கொண்டை கையிலிருந்து நழுவிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து முடிந்தேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்குள் வேறு கதவு ஓடிக்கொண்டிருந்தது. ஏரி மதகில் பலகையை நேரே மேலே தூக்குவார்களே, அந்த மாதிரி. கிடங்குக்குத்தான் உயரம் இருக்கிறதே. ஒரே பலகைக் கதவு, இரண்டு பக்கமும் மரத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் மேலும் கீழும் போகும். கதவின் தலையில் ஒரு வார் கட்டி, மேலே உத்தரத்தில் உருளை போட்டு, வாரின் மறு முனையில் கதவுக்குச் சமமான எடையைத் தொங்கவிட்டால், கதவுக்குப் பாரமே இல்லாமல் போகும். ஒரு கைப் பிடியில் மேலே போகும். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். சத்தமும் இருக்காது. முதலாளியிடம் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கொல்லர் வந்து உருளை வைத்தார். வயதில் பெரியவர், நல்ல வேலைக்காரர். வாருக்குப் பதில் சங்கிலி போடலாம் என்றார்.

"சங்கிலி சத்தம் போடும் ஆசாரி. அந்தச் சத்தம் வேணான்னுதானே இத்தன பாடு" என்றேன். "தோல் வார் போடறேன். நானே தைக்கறேன்."

"தோலு எத்தினி நாளைக்கிப்பா?"

"எஞ்சின் பெல்ட்டு ஆறு வருசமா ஓடுது. நிமிசத்துக்கு எத்தினி சுத்து சுத்துதுன்னு தெரியுமா உங்களுக்கு? இது தெனம் ரெண்டு தரம் ஏறி எறங்கப்போவுது. எம்பது வருசம் வரும்."

பக்கத்தில் நின்ற முதலாளி சிரித்தார். "நம்ம ஊருல தோலுக்கு இன்னாப்பா பஞ்சம்? ஊரு ஊரா அனுப்பறோம், நம்ம வூட்டுக் கதவுக்கு இரும்பா?" என்றார். எனக்கு இன்னும் ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருந்தது. கொல்லர் போகும்போது, "செரி, காடியிலே ஒரு ஓட்டை போட்டுத் தரேன், கதவு மேல நிக்கும்போது ஒரு முளை குத்தி வெய்யி" என்றார். எடை சமமாக இருக்கும்போது முளை எதற்கு என்று அதையும் வேண்டாம் என்றேன். தோல் ஊரில் தோலை நம்பாதவர்கள் இருப்பார்களா? நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

எருமைத்தோலில் நான்கு விரல் அகலத்துக்கு வார் வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். எடைக்குப் பட்டை நிறுக்கிற பழைய இரும்புக் கற்களை ஒவ்வொன்றாகக் கட்டி, கதவு மிதக்கிற வரைக்கும் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டு, "தூக்குமே" என்றேன். வலது கையால் பிடித்து லேசாக நிமிர்த்தினாள். கதவு அவள் கையோடு மேலே போயிற்று. அவள் விட்ட இடத்தில் நின்றது. இரண்டு விரலால் கீழே அழுத்தினாள், இறங்கிற்று. குழந்தை மாதிரி நாலைந்து தரம் ஏற்றி இறக்கினாள்.

"பரவால்லியே, எனக்கோசரம் இவ்ளோ வேல பண்ணிக்கிறியே" என்றாள்.

"உனக்கோசரம் யார் பண்ணாங்க? பீபிம்மாக்கோசரம்" என்றேன். பொய்தான். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் உண்மையை ஒரு தரம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். என்ன குறைந்திருக்கும்?

அதற்கப்புறம் மூன்று வருஷம் நல்லபடியாக ஓடியது. நான் தெருவில் நிற்பேன். உள்ளே பீபிம்மா ஏறுகிற சத்தம், திரை வளையம் இழுபடுகிற சத்தம், பிறகு கதவு தரையை விட்டுக் கிளம்பும். முதலில் அவள் பாதம் தெரியும். பிறகு புடவைக் கரை. பிறகு கதவைப் பிடித்த கை. கடைசியில் முகம், அதில் எப்போதும் ஒரு சிரிப்பு. கண்ணை வண்டிப் பக்கம் உருட்டிக் காட்டி, "வாணியம்பாடிக்காம், சாயங்காலம் திரும்பணுமாம்" என்பாள். தினம் பார்க்கிற முகம்தான். ஆனாலும் அந்தக் கதவு மேலே போகும்போது எனக்கு அது புதுசாக இருக்கும். அந்தக் கதவால் நான் அடைந்த நல்லது என்று சொன்னால் இது ஒன்றுதான்.

வாருக்கு வாரம் தவறாமல் கொழுப்பும் மீன் எண்ணெயும் தடவினேன். கைக்கு எட்டுகிற இடம் முழுக்கத் தடவி இழுத்துப் பார்ப்பேன். பளபளவென்று இருக்கும். எஞ்சின் பெல்ட்டுக்கு எவ்வளவு தடவுவேனோ அதைவிட ஜாஸ்தி. அவள் தோளுக்கு லேசாக வர வேண்டும் என்று. எஞ்சின் பெல்ட் பகலெல்லாம் சுற்றுகிறது, எலி அதன் கிட்டே வராது. இந்த வாரோ உத்தரத்து இருட்டில், கொழுப்பு ஊறிப்போய், இருபத்துநாலு மணி நேரத்தில் இரண்டு நிமிஷம்கூட அசையாமல் தொங்குகிறது. பெல்ட் வேலை தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. வேறு யாருக்குத் தோன்றப்போகிறது?

அவளுக்குத் தோன்றியது. ஒரு காலையில் கொண்டைக்கு உட்கார்ந்தவள், "மேலேருந்து தூளு கொட்டுதுய்யா. தெனம் பெருக்கறேன், மறுநாளு கெடக்குது" என்றாள்.

"பட்டைத் தூளு. பட்டைக் கிடங்குல வேற இன்னா கொட்டும்?"

"பட்டைத் தூளு எனக்குத் தெரியாதா? இது நார் நாரா கீது."

"ஆவாரம்பட்டைல நார் இல்லாம?"

இன்னொரு நாள் முந்தானையில் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். பார்த்தேன். செம்பழுப்பு, உலர்ந்த துணுக்கு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஆவாரம்பட்டை நிறம்தான். அந்தப் பட்டை வாசனைதான். ஊரில் எந்தத் தோல்காரனும் அதைக் கையில் வைத்து ஒரு தரம் கசக்கியிருந்தால் தெரிந்திருக்கும். பட்டை பொடியாகும், தோல் பொடியாகாது. நான் கசக்கிப் பார்க்கவில்லை. கையைத் தட்டிவிட்டு, "எனக்கே தோலப் பத்திச் சொல்லித் தரியா? பட்டை தூக்கினவளுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அன்றைக்கு அவளே கொண்டை போட்டுக்கொள்ளப் பார்த்து, முடியாமல், அவிழ்ந்த கூந்தலை முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் போய்ச் சமாதானம் சொல்கிற ஜென்மம் நான் இல்லை.

மூன்றாம் தரம் சொன்னபோது கொஞ்சம் இறங்கி வந்தேன். "செரி, வெள்ளிக்கிழம ஷாப்பு லீவுதானே. ஏணி போட்டு ஏறிப் பாக்கறேன், போதுமா?" என்றேன். "போதும்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகை முடித்த கையோடு வேலூர் போக வேண்டும் என்றார். போய்விட்டு வந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை.

நடுவில் ஒரு புதன்கிழமை. பீபிம்மா வாணியம்பாடியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். முற்பகல், நல்ல வெயில். காலையில் நான்தான் கொண்டை போட்டேன். அன்றைக்கு என்னவோ நேராக வந்தது. அவள் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இன்னாய்யா ஆச்சி உனுக்கு? சோளிங்கர் மலைக்கு இட்டுனு போறவன் மாதிரி போட்டுக்கிறே" என்றாள். சோளிங்கருக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக அவளுக்கு ஒரு வேண்டுதல். போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கதவு எப்போதும் போல மேலே போயிற்று. பாதம், புடவைக் கரை, கை, முகம். நான் உள்ளே போய் ஹேண்டிலைச் சுற்றி, வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து திருப்பி நிறுத்தினேன். அப்போதுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது ஞாபகம் வந்தது. தண்ணீர் டின் கொட்டகைக்குள் இருந்தது. நான் போய் எடுத்திருக்கலாம், பத்து அடி தூரம். வண்டியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இந்தாமே, அந்தத் தண்ணி டின்ன எடுத்தா" என்று கத்தினேன்.

வலது கையில் டின்னோடு வந்தாள். தண்ணீர் தளும்பிக் காலில் படாமல் இருக்கக் குனிந்து, சின்ன அடியாக வைத்து வந்தாள். தூக்கி நின்ற கதவுக்கு நேர் கீழே கால் வைத்தபோது மேலே டப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் பெல்ட் அறுந்தால் கேட்கிற அதே சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தலையைத் திருப்புவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

அவ்வளவு லேசாக மேலே போன கதவு எத்தனை பாரம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் தெருவில் போன வண்டிக்காரரும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் ஓடிவந்த பிறகுதான் நிமிர்ந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை. மூச்சு மட்டும் ஒரு தினுசாகப் போனது.

அப்போது வண்டித் திரை விலகியது. பீபிம்மா இறங்கினார். தெரு நிறைய ஆண்கள். முகத்தில் திரை இல்லை, முக்காடு தோளில் கிடந்தது. அத்தனை வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தரம். தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாலு பேரும் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். பீபிம்மா கூடவே ஏறிக்கொண்டார். யாருக்காக அத்தனை யோசித்து, சத்தமில்லாத கதவு தேடினோமோ, அவர் எல்லோர் கண்ணுக்கும் எதிரே தெருவில் நின்றார். அதைப் பற்றி அன்றும் பிறகும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே போய்விட்டால் பிழைத்துவிடுவாள் என்று ஓட்டினேன். அந்த வண்டியை அவ்வளவு வேகத்தில் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. பின்னால் பீபிம்மா அவர்கள் மொழியில் வேண்டிக்கொண்டே வருவது கேட்டது. நடுநடுவே என் பெண்டாட்டியிடம் தமிழில், "இதோ வந்துட்டோம், கண்ணு, இதோ வந்துட்டோம்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வேகம் குறையும். பள்ளிகொண்டா தாண்டினோம். பாலாற்று மணல் ஒரு பக்கம் வெள்ளையாக ஓடியது. கொஞ்ச தூரத்தில் வேண்டுதல் நின்றுபோயிற்று.

பிறகு பீபிம்மா பேசினார். என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தரம்.

"மெதுவா ஓட்டுப்பா" என்றார். "இனிமே அவசரம் இல்லே."

வண்டியை ஓரமாக ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காலையில் நான் போட்ட கொண்டை அவிழாமல் நேராக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். பீபிம்மா அந்தத் தலையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வீடு வந்து சேர்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஏணி போட்டு உத்தரத்தில் ஏறினேன். அப்போது ஏறினேன், பாருங்கள். உருளைக்கு மேலே படிந்த இடத்தில் வார் முழுக்க எலி கடித்திருந்தது. கொழுப்பு ஊறிய பக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறது. இரண்டு மடிப்பில் ஒன்று இல்லவே இல்லை, மற்றதில் விரல் அகலம் மிஞ்சியிருந்து அது அறுந்திருக்கிறது. உத்தரத்தின் மேல் அந்தத் தூள் குவிந்து கிடந்தது. கையில் எடுத்துக் கசக்கினேன். பொடியாகவில்லை. மூன்று தரம் சொன்னாளே என்று உத்தரத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கொல்லர் நின்றிருந்தார். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. "நம்ம தோலுன்னு நான்தானேப்பா சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார். மாசம் ஒன்று போனது. வெயிலிலும் மழையிலும் வண்டி தெருவில் நின்றது. ஒரு நாள் கிடங்கு வாசலில் நின்று, கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"கதவு ஒண்ணு போடணும். இன்னா போடலாம்?"

"ரெட்டைக் கதவு" என்றேன்.

"வண்டி இடிக்கும்னு நீதானே சொன்னே?"

"இடிக்கட்டும் முதலாளி."

ரெட்டைக் கதவு வந்தது. சாதாரண வேப்பமரம், சாதாரணக் கீல். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியும் அதை இடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, அதனால் என்ன குடி முழுகிப்போயிற்று?

அவள் இடத்துக்கு வேறு பெண்ணாள் வேண்டாம் என்று பீபிம்மா சொல்லிவிட்டாராம். தானே உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. புதுக் கதவு போட்ட பிறகு முதல் தரம் அவர் வெளியே கிளம்பிய அன்று நான் வழக்கம்போலத் தெருவில் நின்றேன். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. வண்டியில் ஏறுகிற சத்தம் கேட்டது. திரை வளையம் இழுபட்டது. நான் என் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்து சுவரோடு சேர்த்து மாட்டினேன். மாட்டிவிட்டு நின்றேன்.

உள்ளேயிருந்து தள்ள வேண்டிய மற்றக் கதவு அப்படியே இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் மட்டும் தரையோரமாக, முன்பு பாதம் தெரிகிற இடத்தில் இருந்தது. தெருவில் ஒரு தோல் வண்டி மெதுவாகக் கடந்துபோயிற்று. அதன் மணிச் சத்தம் கோடித் தெரு திரும்பி அடங்கிற்று.

திரைக்குள்ளிருந்து பீபிம்மாவின் குரல் கேட்டது. அவர் என்னோடு பேசியது அது இரண்டாவது தரம்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லேப்பா. நீயே தொற."

நான் போய்த் திறந்தேன்.